விடிய விடியக் கூத்துப் பார்ப்பது எப்படி? நடிப்புப் பழகுபவர்களுக்கு

நடிப்புப் பழகும் ஒருவரிடம் "போன வாரம் பார்த்த தெருக்கூத்து எப்படி?" என்று கேட்டால் "செம எனர்ஜி" என்பார், இல்லாவிட்டால் "கொஞ்சம் ஓவர்" என்பார். இரண்டுமே டீக்கடைக்குப் போதும், பயிற்சிக்கு உதவாது. எந்த இடத்தில், எந்தக் காலை ஊன்றியபோது, கூட்டம் ஏன் நிமிர்ந்தது என்று சொல்லத் தெரிந்தால் அது ஒரு நடிகரின் கருத்து. அதற்குப் பார்க்கும் முறையே வேறு.

எந்த இரவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் ஓடும். பங்குனி, சித்திரையில் தேடினால் கிடைக்கும். முதல் தடவைக்குத் துகில் (திரௌபதியின் சேலையை உரியும் கதை) அல்லது அபிமன்னன் சண்டை நல்லது. கதை தெரிந்ததுதான், கவனம் முழுக்க நடிகர் மேல் நிற்கும். கர்ண மோட்சம் கருமாதி வீடுகளிலும் நடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சடங்கு. அந்த இரவின் அமைதியைத் திருவிழாக் கூட்டத்தின் சத்தத்தோடு ஒப்பிட்டு "எடுபடவில்லை" என்று எழுதினால் தப்பு உங்களுடையது.

கூத்து பத்து மணிக்கு என்றால் எட்டு மணிக்கே ஊரில் இருங்கள். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வருவது முக்கியம். கையடக்க நோட்டு, பென்சில், தண்ணீர், விரித்து உட்கார ஒரு சாக்கு, பனிக்கு ஒரு துண்டு போதும். போனை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும், அதற்குள் ஒரு முகபாவம் போயிருக்கும். வீடியோ எடுப்பவர் பெரும்பாலும் கேமராச் சட்டத்துக்குள் இருப்பதைத்தான் பார்க்கிறார். கூத்தில் பாதி விஷயம் சட்டத்துக்கு வெளியே நடக்கிறது.

ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்காரலாமா என்று குழுவை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். அங்கே பேச வேண்டாம், பாருங்கள். முகம் எழுதும்வரை பக்கத்து ஆளோடு சிரித்துப் பேசுகிறவர், புஜக்கட்டையும் மார்பதக்கமும் கட்டியதும் உட்காரும் விதமே மாறிவிடும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கட்டைகள் தோளை அகலமாக்குகின்றன. கிரீடம் ஏறியதும் கழுத்தை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, திரும்பினால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். பிறகு மேடையில் நீங்கள் "ராஜ நடை" என்று வியப்பதில் பாதி இந்தக் கட்டுதான்.

திரைப் பிரவேசம் வரும்போது மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இரவு முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்றால் இதைக் கவனியுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடிக்கிறார்கள். வேஷக்காரர் பின்னால் நிற்கிறார். முதலில் சலங்கைச் சத்தம் மட்டும். அடுத்து கிரீடத்தின் உச்சி, திரையின் ஓரத்தில் விரல்கள், ஒரு பக்க முகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆள் கிடைப்பார். பாட்டில் தன்னையே மூன்றாம் மனிதராக வைத்து, இன்ன ராஜன் வருகிறான் என்று பாடுவார். பெரிய வேஷம் என்றால் இது அரை மணி நேரம்கூடப் போகும். நோட்டில் குறிக்க வேண்டியவை: கண் முதலில் எப்போது கூட்டத்தைச் சந்தித்தது? அதற்கு முன் எத்தனை முறை ஒளித்தார்? திரை விலகியதும் முதல் அடி முன்னால் வைத்தாரா, சுற்றினாரா? வந்ததுமே முழு வேகத்தைக் கொட்டிவிட்டாரா, மிச்சம் வைத்தாரா? கொட்டிவிட்டவர் மூன்று மணிக்கு எப்படி இருக்கிறார் என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. வேஷக்காரர் ஓர் அடி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அடவு (தாளத்துக்குப் போடும் ஆட்ட அடிகள்), சுழற்சி எல்லாம். கூட்டத்துக்கு அது ஆட்டம். பாடியவருக்கோ அடுத்த அடிக்கு மூச்சு சேர்க்க வேண்டிய நேரமும் அதுதான். சுழன்று நின்ற உடனே அடுத்த அடியைச் சுருதி தப்பாமல் எடுக்கிறாரா, இல்லை முதல் சொல்லை விழுங்குகிறாரா? விழுங்கினால் பின்பாட்டு எப்படித் தாங்குகிறது? இதைப் பார்க்கப் பத்து நிமிடம் வாத்தியக்காரர்கள் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். முகவீணை, ஹார்மோனியம், மத்தளம், தாளம் எல்லோருடைய கண்ணும் வேஷக்காரர் பாதத்தில் இருப்பது அங்கிருந்துதான் தெரியும். விருத்தம் என்று இழுத்துப் பாடும் செய்யுளுக்குத் தாளக்கட்டு கிடையாது. கால் ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில் நடிகர் உடம்பை என்ன செய்கிறார் என்பது தனிப் பாடம். திறமை குறைந்தவர் அந்த இடத்தில் வெறுமனே நின்று பாடுவார்.

மைக்கையும் கணக்கில் எடுங்கள். இப்போது பல களரிகளில் (கூத்து ஆடும் களங்களில்) மேலிருந்து இரண்டு மூன்று மைக் தொங்கும். பாட்டு கேட்க வேண்டுமானால் அதன் கீழே வந்து நிற்க வேண்டும். பரந்து ஆட வேண்டிய ஆள் ஒரே இடத்தில் சுற்றுவதற்கு அது காரணமாக இருக்கலாம். "களத்தைப் பயன்படுத்தவில்லை" என்று எழுதும் முன் தலைக்கு மேலே பாருங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு "கத்துகிறார்கள்" என்று எழுதுவதும் இதே ரகம்.

கட்டியங்காரனை வெறும் கோமாளி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்தான் இரவைத் தூக்கிக்கொண்டு போகிறவர். ராஜாவை யாரென்று விசாரிப்பார், கதையை இன்றைய ஊர் விவகாரத்தோடு முடிச்சுப் போடுவார். நடுவில் யாராவது ரூபாய் நோட்டோடு வந்தால் பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு, விட்ட இடத்தில் கதையைப் பிடிப்பார். அந்த அரை நிமிடத்தில் மற்ற வேஷக்காரர்கள் வேஷத்தில் இருக்கிறார்களா, இறங்கிவிடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்குவது குற்றமில்லை. இறங்கியவர் எப்படித் திரும்ப ஏறுகிறார் என்பதுதான் கற்க வேண்டியது.

இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கும், பக்கத்தில் குழந்தைகள் தூங்கும். எழுந்து டீ குடித்துவிட்டு, பின்னால் நின்று பாருங்கள். தூக்கத்தில் இருக்கும் கூட்டத்தைக் குழு எதைக் கொண்டு எழுப்புகிறது, மத்தளமா, கட்டியங்காரனா, புது வேஷத்தின் வரவா? நள்ளிரவில் கிளம்பிவிட்டு மறுநாள் முழுக் கூத்தையும் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். துகில் உரியும் கட்டம் பின்னிரவில்தான் வரும். பல குழுக்களில் துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் அம்மனை வணங்குவார், கற்பூரம் எரியும். கொடியவனாக உறுமிய அதே ஆள் ஒரு கணம் பக்தராகி, மறுபடி கொடியவனாகிறார். பாத்திரத்தோடு ஒன்றிப்போவதே நடிப்பு என்று மட்டும் படித்தவர்களுக்கு இது குழப்பும். குழம்பினால் நல்லது, அதையே எழுதுங்கள்.

குறிப்பு எடுப்பதில் சிக்கனம் வேண்டும். ஒரு கட்டத்துக்கு நாலைந்து சொல் போதும். தலை குனிந்து எழுதினால் பார்ப்பது போய்விடும். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததும், அன்றே விரித்து எழுதிவிடுங்கள். "துரியோதனன் அருமை" என்று எழுதாதீர்கள். "துரியோதனன் திரையை விட்டு வந்ததும் நேராக நின்று இடது தோளை மட்டும் உயர்த்தினான், பாடவில்லை, தாளம் நாலு சுற்று ஓடியது, முன்வரிசை பேச்சை நிறுத்தியது" என்று எழுதினால் அதை நாளைக்கு உங்கள் உடம்பில் செய்து பார்க்கலாம். பிடிக்காததையும் இதே துல்லியத்தோடு எழுதுங்கள். முதலில் செய்கை, அடுத்து அதன் விளைவு, கடைசியில்தான் உங்கள் தீர்ப்பு.

நகரத்து அரங்கில் ஒன்றரை மணி நேர நவீன நாடகம் பார்க்கும்போதும் இந்த வரிசை செல்லும். அங்கே குரலைச் சோதிக்கக் கடைசி வரிசையில் உட்காருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், சென்னையின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் பயிற்சி தந்த கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் நினைவாக, அவருடைய ஊரான புரிசையில் நடக்கும் விழாவுக்குப் போகலாம்.

செய்து பார்க்கும்போது மண் தரையில் செய்யுங்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு அடவு போட்டால் முட்டி பழுதாகும். ஈரத் துண்டைத் தலைப்பாகையாக இறுகக் கட்டி, ஓர் அடி பாடி, மூன்று சுற்று சுற்றி, உடனே அடுத்த அடியைப் பாடிப் பாருங்கள். முதல் சொல் வராது. ஒரு சுற்றாகக் குறையுங்கள்.

வேஷக்காரரிடம் சந்தேகம் கேட்க விடியற்காலை நேரமில்லை. எண்ணெய் போட்டு முகம் துடைத்துக்கொண்டிருப்பார், அடுத்த ஊருக்கு வண்டி நிற்கும். அடுத்த கூத்தன்று சாயங்காலம், ஒப்பனைக்கு முன் டீ நேரத்தில் போங்கள். "நல்லா பண்ணீங்க ஐயா" என்றால் "சரிப்பா" என்பதோடு முடிந்துவிடும். "வாத்தியாரே, திரைக்குப் பின்னாடி நிக்கும்போதே சலங்கையைத் தட்டுறீங்களே, அது மத்தளக்காரருக்கா, எங்களுக்கா?" என்று கேளுங்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டுவார்.