எக்ஸ் குரோமோசோமில் மூளை மரபணு தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆர்என்ஏ தரத்தைப் பார்க்காமல் சீக்வென்சிங்குக்கு அனுப்புவது, ஆண் மாதிரிகளை ஒரு பேட்ச்சிலும் பெண் மாதிரிகளை இன்னொன்றிலும் ஓட்டுவது, இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். விட்டுவிடுகிறேன். எக்ஸ் குரோமோசோமின் எந்த மரபணுக்கள் மூளையில் வெளிப்படுகின்றன என்று தேடும்போது, அந்தக் குரோமோசோமுக்கென்றே சில குழிகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் தவறாமல் அவற்றில் போய் விழுகிறார்கள்.

பூஜ்யம் வந்தால் 'மூளையில் இல்லை' என்று எழுதிவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

மனித எக்ஸின் ஒரு முனையில் சுமார் 27 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு பகுதி, ஒய்யின் முனையோடு அச்சு அசலாக ஒத்துப்போகும். ஆய்வகப் பேச்சில் அதன் பெயர் பார்1 (PAR1). ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் வெளிப்படும் எஸ்எல்சி25ஏ6 என்ற மரபணு இங்கேதான் இருக்கிறது. ஒப்பிடப் பயன்படுத்தும் மாதிரி மரபுத்தொகுப்பான ரெஃபரன்ஸ் ஜீனோமில் இந்தப் பகுதி எக்ஸிலும் ஒய்யிலும் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தால், இங்கிருந்து வரும் ஒவ்வொரு ரீடுக்கும், அதாவது சீக்வென்சிங்கில் படிக்கப்பட்ட ஒவ்வொரு சிறு துண்டுக்கும், இரண்டு முகவரி. குழம்பிய தபால்காரர் கடிதத்தைக் கிழித்துப் போட்டால் எப்படியோ, அப்படித்தான் ரீடுகளை எண்ணும் ஃபீச்சர்கவுண்ட்ஸ் மென்பொருளும் நடந்துகொள்ளும். நாம் தனியாகச் சொல்லாவிட்டால் இரண்டு இடத்தில் பொருந்தும் ரீடை எண்ணவே எண்ணாது, கணக்கில் பூஜ்யம் வரும். பெண்ணின் மூளையில் ஒய் கிடையாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ரெஃபரன்ஸில் ஒய் இருக்கிறது, அது போதும்.

எங்களிடம் வந்த ஒரு மாணவர் இந்தப் பூஜ்யங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, மூளையில் மொத்தமாக அணைக்கப்பட்ட பகுதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். யாரிடமும் கேட்காமல், ஆர்என்ஏ அளவை நேரடியாக அளக்கும் க்யூபிசிஆர் சோதனையும் செய்தார். இறந்தவர் குடும்பம் மனமுவந்து கொடுத்த, உறைய வைத்திருந்த மூளைத் திசுவில் கடைசித் துண்டு அதில் கரைந்தது. அணைந்ததாகச் சொன்ன மரபணுக்கள் எல்லாமே நன்றாக எரிந்துகொண்டிருந்தன. கோபம் அவர்மேல் இல்லை. ரீடுகள் எங்கே பொருந்தின என்று காட்டும் அலைன்மென்ட் கோப்பைத் திறந்து, பொருத்தம் எவ்வளவு உறுதி என்று சொல்லும் 5ஆவது நெடுவரிசையைப் பார்த்திருந்தால் போதும். ரீடுகளைப் பொருத்தும் ஸ்டார் மென்பொருளில் ஒரே இடத்தில் பொருந்திய ரீடுக்கு 255, இரண்டு இடம் என்றால் 3. பார்1 முழுக்க 3, 3, 3 என்றே இருந்தது. அதைப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வழி எளிது. பெண் மாதிரிகளுக்கு ஒய் முழுவதையும் 'N' என்ற வெற்று எழுத்தால் மூடிய ரெஃபரன்ஸ். ஆண் மாதிரிகளுக்கு ஒய்யில் எக்ஸோடு ஒத்துப்போகும் பார் பகுதிகளை மட்டும் மூடியது. அழிக்காமல் மூடுவதால் இட எண்கள் மாறாது, அடுத்தடுத்த மென்பொருள்களை இணைத்த பைப்லைனும் உடையாது. நீங்கள் இறக்கிய கோப்பு ஏற்கெனவே மூடியதா என்று தெரிய, ஒய்யில் 10 லட்சமாவது எழுத்திலிருந்து நூறு எழுத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாம் 'N' என்றால் சரி. ஏ, சி, ஜி, டி கலந்து வந்தால் மூடவில்லை.

பாருக்கு வெளியேயும் தொல்லை உண்டு, கொஞ்சம் சன்னமாக. கேடிஎம்5சி, டிடிஎக்ஸ்3எக்ஸ், யுஎஸ்பி9எக்ஸ் ஆகிய எக்ஸ் மரபணுக்களுக்கு ஒய்யில் உடன்பிறப்புகள், அதாவது மிகவும் ஒத்த மரபணுக்கள், இருக்கின்றன. ஒத்த துண்டுகளில் ரீடுகள் அங்கே கசியும். மூன்றுமே மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ளவை என்பதால் இந்தக் கசிவை அலட்சியப்படுத்த முடியாது.

ரத்தத்தை மூளைக் கணக்கில் சேர்ப்பது

மூளை மரபணுப் பட்டியலில் ஏலாஸ்2 இருந்தால் நான் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அது எக்ஸில்தான் இருக்கிறது, ஆனால் சிவப்பணு, ஹீமோகுளோபினின் பகுதியான ஹீமைத் தயாரிக்கத் தேவைப்படும் மரபணு. எலியின் மூளையை எடுக்குமுன் ரத்தத்தை உப்புக் கரைசலால் கழுவி வெளியேற்றாவிட்டால் இது உள்ளே வந்துவிடும். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் மரபணுக்களும் உயர்ந்திருக்கிறதா பாருங்கள்.

பெரிய மரபணுவின் தலையை மட்டும் தொடுவது

டிஎம்டி மரபணு சுமார் 22 லட்சம் எழுத்து நீளம். தசையில் அதிலிருந்து வருவது முழு நீள டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். மூளையில் அதிகம் இருப்பது டிபி71 என்ற குட்டி வடிவம். அது வால் பக்கத்தில், தனிப் புரொமோட்டரிலிருந்து (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) தொடங்குகிறது. தலைப் பக்கத்து முதல் எக்ஸான்களில் (மரபணுவின் குறியீட்டுத் துண்டுகள்) பிரைமர் (அளக்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டுவிட்டு 'மூளையில் குறைவு' என்று எழுதினால், நீங்கள் அளந்தது வேறு எதையோ.

அறிவுத்திறன் குறைபாடு தரும் மரபணு மூளையில்தான் இருக்கும் என்பது

அம்மோனியாவை அகற்ற உதவும் ஓடிசி என்ற எக்ஸ் மரபணு இருப்பது கல்லீரலிலும் குடலிலும். அது பழுதானால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை கெடும்.

வளர்ந்த மூளையை மட்டும் பார்ப்பது

டபுள்கார்ட்டின், அதாவது டிசிஎக்ஸ், இடம்பெயரும் இளம் நியூரான்களின் மரபணு. கருவின் மூளையில் தேடுங்கள்.

எலியின் பட்டியலை அப்படியே மனிதனுக்கு ஒட்டுவது

மனித பார்1இல் உள்ள சில மரபணுக்கள் எலியில் எக்ஸிலேயே இல்லை. பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்படும் எக்ஸ் முடக்கத்திலிருந்து தப்பும் மரபணுக்களும் எலியில் மிகக் குறைவு.

மாதிரியின் பாலினத்தை லேபிளை வைத்து நம்புவது

முதலில் பெண் மாதிரிகளில் வெளிப்படும் எக்ஸிஸ்ட் (XIST) மரபணுவைப் பாருங்கள். அப்புறம் ஒய் மரபணுக்கள். லேபிள் கடைசியில்.