கஷ்டத்தை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? முறையீட்டுக் கடிதத்துக்கான வழி

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் 'ஜியாலாட் லா' (நிலைமை மோசம்) என்று ஒரே மூச்சில் கஷ்டத்தைச் சொல்லி முடித்துவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகைக்கு அவகாசம் கேட்டோ, அரசாங்கத்தின் காம்கேர் நிதியுதவி கேட்டோ கடிதம் எழுதும்போது அது எடுபடாது. அக்கம்பக்கத்தாருக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய வழி இது.

படி 1: நடந்ததை முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சரி, அடுத்தது.

படி 2: நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். 'எனக்கு ரொம்பக் கஷ்டம்' என்பதை அப்படியே 'ஐ ஆம் வெரி டிஃபிகல்ட்' என்று எழுதினால், 'நான் யாரோடும் ஒத்துப்போகாத ஆள்' என்று ஆகிவிடும். கஷ்டம் உங்களுக்கு, நீங்களே கஷ்டம் இல்லை! 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு பே த ரென்ட்' என்று எழுதுங்கள். 'ஐ ஹேவ் டிஃபிகல்ட்டி' என்று தொடங்கினால் பின்னால் 'டு பே' வராது, 'பேயிங் த ரென்ட்' என்றுதான் வரும். இதை மட்டும் நாலு தடவை எழுதிப் பாருங்கள்.

படி 3: சமாளிப்பதை 'கோப் அப் வித்' என்று ஊரே சொல்கிறது, 'அப்' வேண்டாம், 'கோப் வித்' போதும். 'வி ஆர் ஃபேசிங் ஃபைனான்ஷியல் டிஃபிகல்ட்டீஸ்' சரி, நடுவில் 'வித்' நுழைக்காதீர்கள். 'சாலஞ்ச்' வேலை நேர்காணலுக்குப் பொருந்தும். வீட்டில் அரிசி வாங்கக் காசில்லாததைப் போய் 'சாலஞ்ச்' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது.

படி 4: 'வெரி வெரி' எல்லாவற்றையும் அடித்துவிட்டு விவரம் போடுங்கள். ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால் 'ஐ வாஸ் ரிட்ரெஞ்ச்டு இன் மார்ச்'. 'ரிசைன்' என்று எழுதினால் நீங்களாக விட்டதாகிவிடும். அன்றிலிருந்து இன்றுவரை வேலை இல்லையா? 'ஐ ஹேவ் பீன் அவுட் ஆஃப் வர்க் சின்ஸ் மார்ச்'. இங்கே 'ஐ ஆம்' வராது.

சந்தேகம் வந்தால் லாங்மேன் இணைய அகராதியைப் பாருங்கள். இலவசம், எந்தச் சொல்லோடு எது சேரும் என்று எடுத்துக்காட்டோடு இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலி வாக்கியத்தைத் தரும், காரணத்தைத் தராது.

பின்சேர்க்கை: அம்மாவுக்காக எழுதுவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'மை மதர் இஸ் டிஃபிகல்ட் டு வாக்' தப்பு. 'மை மதர் ஹேஸ் டிஃபிகல்ட்டி வாக்கிங்' என்று எழுதுங்கள். நோயைச் சொல்ல 'ஷி சஃபர்ஸ் ஃப்ரம் டயபெட்டிஸ்'. 'சஃபர்ஸ்' கடைசியில் உள்ள 'ஸ்' விடுபடக் கூடாது.