பதினான்கு பேருக்கு மலையில் வெந்நீர்: ஷவர் செட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் நண்பன் வீட்டுப் பூண்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டோம். டிசம்பர் கடைசி. 14 பேர், இரண்டு ராத்திரி. வெந்நீர்ப் பொறுப்பு என் தலையில். ஆன்லைனில் தேடி 20 லிட்டர் பிடிக்கும் கறுப்பு சோலார் ஷவர் பை இரண்டு வாங்கிப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் வெயிலில் போட்டால் சுடுதண்ணீர் தயார் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. அட்டைப்பெட்டிப் படத்தில் நல்ல வெயில். மன்னவனூரில் அன்றைக்குப் பதினோரு மணி வரை மஞ்சு இறங்கிக் கிடந்தது, பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. மத்தியானம் பைக்குள் கை விட்டுப் பார்த்தேன். ஓடைத் தண்ணீர் மாதிரியே சில்லென்று இருந்தது. யாரும் குளிக்கவில்லை. ஊர் வந்து சேரும் வரை வேனில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்.

அடுத்த வருஷம் அதே தோட்டத்துக்குப் போகும் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஹீட்டர் வாங்குவது இதில் முதல் வேலை இல்லை.

படி 1: தண்ணீர் எவ்வளவு?

உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்கிறவருக்கு 10 லிட்டர் போதும். தலைக்கு ஊற்றிக்கொள்கிறவருக்கு 18 லிட்டர் வையுங்கள். நனைத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தி, சோப்புப் போட்டுவிட்டுத் திறந்து அலசினால்தான் இந்த அளவு கட்டுப்படியாகும். அதனால் ஷவர் தலையிலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கிற மாடலாகப் பாருங்கள். இருபது ரூபாய்ச் சமாச்சாரம் மாதிரி தெரியும், ஆனால் அது இல்லாத செட்டில் தண்ணீர் இரண்டு மடங்கு போகும்.

எங்கள் கூட்டத்தில் 9 பேர் உடம்புக்கு, 5 பேர் தலைக்கு. 90 லிட்டரும் 90 லிட்டரும் சேர்த்து 180. சிந்துவது, கை கழுவுவது எல்லாம் போட்டு 200 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் பத்து. எடை 200 கிலோ. இதை ஓடையிலிருந்து யார் தூக்குவது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். வண்டி போகிற இடம் என்றால் ஒரு நீல டிரம்மை பிக்கப்பில் ஏற்றிவிடலாம். நடந்து போகிற இடம் என்றால் ஷவர் யோசனையையே விட்டுவிட்டு, துண்டை வெந்நீரில் நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: சூடு எவ்வளவு?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்த உயரத்தில் டிசம்பர் காலையில் ஓடைத் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஏற்ற வேண்டியது 28 டிகிரி. 180 லிட்டருக்கு 180 பெருக்கல் 28, சுமார் 5,000 கிலோ கலோரி.

இந்த ஒரு எண்ணை வைத்து எல்லா வகை ஹீட்டரையும் நிறுத்துப் பார்த்துவிடலாம். மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி, ஆக நமக்கு ஏறக்குறைய 6 யூனிட் தேவை. 12 வோல்ட் 60 ஆம்பியர்-அவர் கார் பேட்டரியில் மொத்தமே 0.72 யூனிட்தான். எட்டு கார் பேட்டரியை ஒட்ட உறிஞ்சினால் 14 பேர் குளிக்கலாம்! கேம்ப்பிங் பவர் ஸ்டேஷன் என்கிற பேட்டரிப் பெட்டியில் வாட்டர் ஹீட்டர் ராடு போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பெரிய பெட்டியே 30 லிட்டரோடு படுத்துவிடும்.

சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி. நல்ல கீசர் அதில் 80 சதவீதத்தைத் தண்ணீரில் சேர்க்கும். அப்படியானால் 14 பேருக்கும் சேர்த்து 600 கிராம் கேஸ். பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிற 5 கிலோ ‘சோட்டு’ சிலிண்டர் தாராளம். முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை ஒன்று போதும்.

படி 3: எந்த வகை?

நான்கு வகைதான். சோலார் பையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் கடற்கரையில் அது அருமையாக வேலை செய்யும், மலையில் டிசம்பரில் எடுக்காதீர்கள். மின்சாரம் கணக்கிலேயே விழுந்துவிட்டது. மிச்சம் இரண்டு.

ஒன்று, அண்டாவும் யூஎஸ்பி ஷவரும். அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, பக்கெட்டில் விளாவி, சார்ஜ் செய்துகொள்ளும் சின்ன பம்பை அந்தப் பக்கெட்டுக்குள் இறக்கிவிட்டால் மேலே ஷவர் கொட்டும். விளாவும் கணக்கு இது: வெந்நீர் 80 டிகிரி, பச்சைத் தண்ணீர் 12 டிகிரி என்றால் 10 லிட்டருக்கு 4 லிட்டர் வெந்நீர், 6 லிட்டர் பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு வெந்நீரைச் சேருங்கள். பம்ப் பிளாஸ்டிக் தாங்கும், பக்கத்தில் நிற்கிற குழந்தையின் காலும் தப்பும். ஆறு பேர் வரைக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கெட்டுப்போக அதில் ஒன்றும் கிடையாது, பம்ப் செத்தால்கூட சொம்பு இருக்கிறது.

பழைய டீக்கடை பாய்லர் தெரியுமா? நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் பித்தளைக் குழாய். அதில் ஒன்று கிடைத்தால் அண்டாவுக்குப் பதில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு நடுவில் இருப்பதால் மூன்று கல் அடுப்பு மாதிரி சூடு வெளியே ஓடாது.

ஆனால் 14 பேருக்கு அண்டா என்றால் 75 லிட்டர் கொதிநிலைக்குப் பக்கத்தில் காய்ச்ச வேண்டும். மூன்று கல் அடுப்பில் 10 கிலோ காய்ந்த விறகாவது போகும், ஒரு ஆள் விடியற்காலையிலிருந்து அடுப்போடு உட்கார வேண்டும். விறகு இன்னொரு சங்கடம். வனத்துறை நிலத்தில் நெருப்புப் பற்றவைக்கவே கூடாது. பட்டா நிலமாக இருந்தாலும் பிப்ரவரி முதல் மழை வரும் வரை புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் விறகடுப்பு வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்துகொண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அதனால் எட்டுப் பேருக்கு மேல் போனால் என் ஓட்டு கேஸ் கீசருக்குத்தான். வீட்டுக் குளியலறைக்கு விற்கிற, நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் அதே இன்ஸ்டன்ட் கீசர். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு கேம்ப்பிங் மாடல்கள் கைப்பிடியோடு அழகாக இருக்கும், ஆனால் அவற்றோடு வரும் ரெகுலேட்டர் பெரும்பாலும் நம் சிலிண்டர் வாயில் உட்காராது. ‘அடாப்டர் போட்டுக்கலாம் சார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் விஷயத்தில் ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் 6 லிட்டர் 25 டிகிரி ஏற்றத்துக்கான கணக்கு. நமக்கு 28 டிகிரி ஏற வேண்டும், ஆகவே 5 லிட்டரோடு திருப்திப்பட வேண்டும். தண்ணீர்க் குமிழைக் குறைத்தால் சூடு கூடும், கூட்டினால் சூடு குறையும். கேஸுக்கு ஒரு குமிழும், கோடை, குளிர் என்று இன்னொரு குமிழும் இருக்கும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் மூன்று குமிழையும் ஒரே சமயத்தில் திருகிவிட்டுக் கத்துவார்கள். ஒன்றைத் தொட்டுவிட்டு அரை நிமிடம் பொறுங்கள்.

படி 4: பம்ப் இல்லாமல் கீசர் பற்றாது

இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். கீசருக்குள் தண்ணீர் ஒரு அழுத்தத்தோடு வந்தால்தான் பர்னர் பற்றும். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.2 பார் வேண்டும், கையேட்டில் போட்டிருக்கும். டிரம்மைக் கீசருக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் ஏற்றினால்தான் அந்த அழுத்தம் வரும். 200 கிலோ டிரம்மை மரத்தில் ஏற்றுவதை விட 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் வாங்குவது சுலபம்.

தேடி அலைய வேண்டாம். உரக்கடையில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கான மோட்டார் உதிரியாகவே கிடைக்கும், அது இதே வகைப் பம்ப்தான். 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் பேட்டரியும் அங்கேயே இருக்கும். மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தாலும் 180 லிட்டருக்கு 40 நிமிடம்தான் ஓடப் போகிறது, பேட்டரியில் பாதிகூடக் காலியாகாது. ஒரே ஒரு நிபந்தனை: மோட்டார் புதிதாக இருக்கட்டும். தோட்டத்தில் மருந்தடித்த ஸ்பிரேயரைக் கழுவிவிட்டுக் குளியலுக்கு மாட்டலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தோம்.

இணைக்கும் வரிசை இது: டிரம், வடிகட்டி, பம்ப், கீசர், ஷவர். உறிஞ்சும் குழாயின் நுனியில் வடிகட்டியோடு பழைய வேட்டித் துணியையும் கட்டுங்கள், ஓடை மணல் ஒரு பொடி போனாலும் மோட்டார் முக்க ஆரம்பிக்கும். கீசருக்கு முன்னால் தோட்டத்துப் பச்சைக் குழாய் போதும். கீசருக்குப் பின்னால் அது சூட்டில் இளகிக் கழன்றுவிடும், அங்கே வெந்நீர் தாங்கும் பின்னல் குழாயாக 2 மீட்டர் போடுங்கள்.

எங்கள் ஒத்திகையில் பர்னர் பற்றுவதும் அணைவதுமாக டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கீசர் கோளாறு என்று அரை நாள் கழித்தோம். காரணம் ஷவர் தலை. ஓட்டைகள் மிகச் சிறியவை, அழுத்தம் ஏறினதும் பம்பின் சுவிட்ச் தானாக நின்றுவிடுகிறது, அழுத்தம் இறங்கினதும் மறுபடி ஓடுகிறது. பெரிய ஓட்டையுள்ள சாதாரண ஷவர் தலையை மாட்டியதும் தீ நின்று எரிந்தது.

படி 5: சிலிண்டருக்கும் குளிரும்

ஆறாவது ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போது ‘என்னடா பச்சைத் தண்ணி வருது’ என்று உள்ளிருந்து சத்தம். சிலிண்டரைத் தொட்டால் ஐஸ். கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கேஸ் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகத் தன் சூட்டையே செலவழிக்கும். கீசர் மணிக்கு ஒரு கிலோ அளவில் இழுக்கும்போது, 10 டிகிரிக் குளிரில் சின்ன 5 கிலோ சிலிண்டர் அந்தச் சூட்டை வெளியிலிருந்து வாங்கி ஈடுகட்ட முடியாது. நம் எல்பிஜி பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே சோம்பிவிடும்.

சிலிண்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் நிறுத்தி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரைக் கால்வாசி உயரத்துக்கு ஊற்றினோம். ஐந்து நிமிடத்தில் தீ திரும்பியது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, பக்கத்தில் நெருப்பு மூட்டவே கூடாது. இப்போதெல்லாம் முதல் ஆள் குளிக்கும்போதே டப்பைத் தயாராக வைத்துவிடுவேன்.

படி 6: கீசர் வெளியே, ஆள் உள்ளே

மற்றதெல்லாம் தவறினால் குளியல் தவறும். இது தவறினால் உயிர். கேஸ் எரியும் இடத்தில் காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். அடைத்த குளியலறையில் கேஸ் கீசரால் இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் கண்ணில் படுகிறது. குளியல் கூடாரமும் அதே மாதிரி அடைத்த அறைதான். கீசரை வெளியே திறந்த வெளியில், மறைப்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, கம்பத்தில் நிமிர்ந்தவாக்கில் மாட்டுங்கள். உள்ளே குழாய் மட்டும் போகட்டும். மழை வந்தால் மேலே ஒரு தகரம் போதும், சுற்றிலும் தார்ப்பாய் கட்டாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஷவரை நிறுத்திவிட்டு மறுபடி திறக்கும்போது குழாயில் தேங்கிய தண்ணீர் முதலில் கொதிக்கக் கொதிக்க வரும், அடுத்து ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சமச்சூடு. சோப்புப் போட்டவர் ஷவரைத் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டு திறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எப்போதும் பக்கெட்டில் பிடித்து விளாவி ஊற்றுங்கள்.

படி 7: மறைப்பு இரண்டு

தண்ணீர் ஓடுவது ஒரு ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். உடை கழற்றுவது, துவட்டுவது, சாக்ஸைத் தேடுவது எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம் ஆகும். 14 பேருக்கு இரண்டு மணி நேரம்! அதிக லிட்டர் தரும் பெரிய கீசர் வாங்கினாலும் இது குறையாது. பக்கத்தில் இன்னொரு மறைப்புக் கூடாரம் போட்டு, ஒருவர் குளிக்கும்போது அடுத்தவர் அங்கே உடை மாற்றத் தயாராக நின்றால் நேரம் பாதியாகும். இரண்டாவது கூடாரம் வாங்கக் காசில்லை என்றால் நான்கு கம்பும் பழைய புடவையும்.

கழிவுத் தண்ணீருக்கு ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஒரு குழி. சீயக்காயாக இருந்தாலும் ஓடையில் கலக்க வேண்டாம். நாங்கள் சரிவு பார்க்காமல் போட்டுவிட்டோம். நண்பனின் அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்து, ‘தம்பி, சோப்புத் தண்ணி பூண்டுப் பாத்திக்கு இறங்குது பாருங்க’ என்றார். கோபப்படவில்லை. மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

படி 8: மொட்டை மாடியில் ஒரு தடவை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் வீட்டு மொட்டை மாடியில் மாட்டி 20 லிட்டர் ஓட்டிப் பாருங்கள். சோப்பு நுரையைக் கேஸ் இணைப்புகளில் தடவிக் கொப்புளம் வருகிறதா பாருங்கள். கீசரைப் பற்றவைக்கும் இரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளுக்கு மாற்று ஜோடி எடுத்துவையுங்கள், மலையில் முதலில் கைவிடுவது அவைதான். டெஃப்லான் டேப், கிளாம்ப், ஸ்க்ரூடிரைவர் ஒரே பையில். ஒரு சொம்பும் பக்கெட்டும் எப்படியும் வரட்டும்.

கடைசி ஆள் குளித்து முடித்ததும் சிலிண்டரை மூடி, பம்பை நிறுத்தி, கீசரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை முழுக்க இறக்கிவிடுங்கள். ஜனவரி வாக்கில் அந்தப் பக்கம் உறைபனி விழும் ராத்திரிகள் உண்டு. உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் செம்புக் குழாய் வெடித்துவிடும், மறுநாள் காலையில் பற்றவைக்கும்போதுதான் தெரியவரும். திருகைக் கழற்றின கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கீசரின் குமிழிலேயே நூலால் கட்டித் தொங்கவிடுங்கள்.