கேப் போட்ட பல் மறுபடி வலித்தால்: வலியைக் கண்டறிந்து மருத்துவரிடம் சொல்லும் முறை

கும்பகோணத்தில் வேர் சிகிச்சை முடித்து, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அதை மூடும் உறையான கேப்பும் போட்டுக்கொண்டு வந்த நான்காம் நாள், அடையின் மொறுமொறுப்பான ஓரத்தைக் கடித்தபோது அதே பல் சுள்ளென்று வலித்தது. “நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே, அப்புறம் எது வலிக்கிறது?” என்று வீட்டில் கேட்டார்கள். விடை தெரியாமல் ஒரு மாதம் இடப்பக்கமாகவே மென்று காலம் தள்ளினேன். கடைசியில் மருத்துவரிடம் சென்றபோது, கேப்பின் ஒரு மூலையைத் தேய்த்துச் சரிசெய்ய அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வேர் சிகிச்சையில் அகற்றப்படுவது பல்லின் உள்ளே இருக்கும் கூழும் அதிலுள்ள நரம்புகளும் மட்டுமே. வேரைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்திருக்கும், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இணைநார் அப்படியே உயிரோடு இருக்கிறது. வாய்க்குள் போன சோற்றில் ஒரு தலைமுடி இருந்தாலும் பல் உணர்ந்துவிடுவது பெரும்பாலும் இந்த நாரால்தான். ஆகவே சிகிச்சை முடிந்த பல் வலிப்பதில் வியப்பில்லை. அந்த வலி எப்போது, எதனால் எழுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

முதல் படி: முதல் சில நாட்களைக் கடப்பது

சிகிச்சையின்போது வேரின் நுனி வரை கருவி சென்று வந்திருப்பதால், அதைச் சுற்றியுள்ள திசு சில நாட்கள் புண்பட்டதுபோல் இருக்கும். அந்த வலி மந்தமாக இருந்து, நாளுக்கு நாள் குறைந்து, ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாயில் வைத்திருந்து துப்பலாம். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம் போதும். முறுக்கும் கரும்பும் காத்திருக்கட்டும். விருந்து முடிந்தால் வெற்றிலை சீவல் போட்டே ஆக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம்தான், ஆனால் புதிதாகக் கேப் போட்ட பல்லுக்குச் சீவலைவிடக் கடுமையான சோதனை வேறில்லை.

மாத்திரை விஷயத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்ததையே சாப்பிடுங்கள். பாராசிட்டமால் என்றால், சளி, காய்ச்சலுக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் அதுவே கலந்திருப்பதால், இரண்டும் சேர்ந்து அளவு மீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை யாரும் அதைத் தொடாதிருப்பது நல்லது. கிராம்பு எண்ணெய் கேப்புக்குள் இறங்காது, ஈறைத்தான் எரிக்கும். ஆன்டிபயாடிக் மாத்திரை கிருமியைத் தாக்குமே தவிர வலியைக் குறைக்காது. கேப் உயரமாக இருப்பதால் வரும் வலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாம் படி: வலியை எழுதி வைப்பது

ஒரு வாரம் கழிந்தும் வலி நீடித்தாலோ, குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, ஒரு தாளில் மூன்றே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: எதைச் செய்தபோது வலித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, கூர்மையான வலியா விண்விண் என்ற தெறிப்பா. “பல் வலிக்கிறது” என்று மட்டும் சொல்லும் நோயாளியைவிட இந்தத் தாளோடு வரும் நோயாளிக்கு மருத்துவர் விரைவில் காரணம் காண்பார்.

மூன்றாம் படி: கடித்துப் பார்ப்பது

பலருக்கும் நேர்வது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மெல்ல மூடுங்கள். எல்லாப் பற்களும் ஒருசேரத் தொடுவதற்கு முன் கேப் போட்ட பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தால், கேப் உயரமாக இருக்கிறது. ஒரு தாளின் தடிமன் அளவு உயரம்கூட, ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அந்த இணைநாரை நசுக்கிக்கொண்டே இருக்கும். கேப் பொருத்திய அன்றே இது ஏன் தெரியவில்லை என்றால், கீழ்த்தாடைக்கு ஊசி போட்டிருந்தால் உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்திருக்கும். மரத்த வாயில் கடி சரியாக இருக்கிறதா என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவர் வண்ணத் தாளைப் பற்களிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் புள்ளி விழும் இடத்தை மட்டும் தேய்ப்பார். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது தாடை சற்றுப் பின்வாங்கிவிடும் என்பதால், நிமிர்ந்து உட்கார்ந்தும் ஒருமுறை கடித்துக் காட்டுங்கள். முழுத் திருப்தி வரும் வரை எழுந்திருக்காதீர்கள், கூச்சப்பட வேண்டாம். வீட்டில் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள்.

நான்காம் படி: வேறு குறிகளைப் பார்ப்பது

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றால், பெரும்பாலும் அது பக்கத்துப் பல்லாக இருக்கும், ஏனென்றால் நரம்பு நீக்கப்பட்ட பல்லுக்குக் குளிர் தெரியாது. அதே பல்தான் என்று உறுதியானால், சுத்தம் செய்யப்படாத வேர்க்கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் நுண்ணிய வழி) ஒன்று உள்ளே மீந்திருக்கலாம். மேல் கடைவாய்ப் பற்களில் மிக நுண்ணிய நான்காவது கால்வாய் கண்ணுக்குத் தப்பிவிடுவது உண்டு. கடிக்கும்போதைவிடக் கடியை விடும்போது வலித்தால் பல்லில் விரிசலைச் சந்தேகிப்பார்கள். மேல் பல் வலி, குனியும்போது அதிகரித்து, மூக்கடைப்பும் சேர்ந்திருந்தால் கன்னத்துச் சைனஸ் காரணமாக இருக்கலாம். கீரையும் கறி நாரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு ஈறு வலித்தால், கேப்புக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. ஈறில் சிறு பரு தோன்றிச் சீழ் வடிந்தால், வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் குறுவை அறுப்பு முடியட்டும் என்று சில நாட்கள் பொறுக்கலாம். ஆனால் தாடைக்குக் கீழே வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவும் எச்சில் விழுங்கவும் சிரமப்பட்டாலோ, ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாது. வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். பல் மருத்துவரின் மாலை நேரத்துக்குக் காத்திராமல் 108-ஐ அழைத்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என எது அருகிலோ அந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் செல்வது

எழுதிய தாள், பழைய எக்ஸ்ரே, சிகிச்சை நடந்த தேதிகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கேப் கழன்றே விழுந்திருந்தால் அதைக் கழுவி, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டினால், மீண்டும் பொருத்தக்கூடிய கேப்பும் வீணாகி, புதிதாக அளவெடுக்க வேண்டி வரும்.