கள அளவையிலிருந்து நிலத்தடிச் சேவைகளின் வரைபடத்தைக் கணினியால் வரைவிக்கும் முறை

வீதியோரத்தில் குடிநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம், வடிகால் என நான்கு சேவைகள் அருகருகே செல்லும்போது, அவற்றை அளந்து முடிக்கும் நேரத்தைவிட, அளந்த புள்ளிகளைத் திரையில் ஒவ்வொன்றாக இணைத்துக் கோடாக்கும் நேரமே பெரும்பாலும் கூடிவிடுகிறது. இந்த இணைக்கும் வேலையைக் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளிடம் ஒப்படைக்கும் விதத்தை, திருகோணமலையில் நாங்கள் அளக்கும் வீதிகளை வைத்தே விளக்குகிறேன்.

டோட்டல் ஸ்டேஷனிலோ (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி) ஆர்டிகே கருவியிலோ (செய்மதிகளைக் கொண்டு இடத்தைத் துல்லியமாக அளப்பது) அளவையாளர் பதியும் குறியீட்டில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. வெயிலில் சிறிய திரையைப் பார்த்துத் தட்டும்போது எழுத்தைவிட இலக்கத்தில் பிழை குறையும் என்பதால், இலக்கக் குறியீடுகளையே பரிந்துரைக்கிறேன். கோப்பின் ஒரு வரி இப்படி அமையலாம்:

214, 673412.386, 550127.904, 2.318, 1-11-03-1-110

புள்ளி எண், வடக்கு, கிழக்கு, மட்டம் ஆகியவற்றுக்குப் பின்னர் வரும் ஐந்து இலக்கத் தொகுதிகள் முறையே குழு எண், சேவை வகை, கோட்டின் எண், நம்பகத் தரம், மில்லிமீற்றரில் விட்டம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. அதாவது முதலாம் குழு, தான் அளந்த மூன்றாவது கோட்டில், 110 மில்லிமீற்றர் குடிநீர்க் குழாயொன்றைத் திறந்த குழியில் கண்ணால் கண்டு அதன் மேல்விளிம்பை அளந்திருக்கிறது. குழு எண்ணை முன்பு நாங்கள் பதிவதில்லை. ஒரு நாள் உவர்மலையில் ஒரு குழுவும் உப்புவெளியில் இன்னொரு குழுவும் தத்தமது கோட்டுக்கு 03 என்றே பெயரிட்டிருந்தன. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட கணினி, வீடுகளுக்கு மேலாக ஒரே நேர்கோட்டை இழுத்துவிட்டது. அன்றிலிருந்து குழு எண்ணைச் சேர்ப்பதோடு, 50 மீற்றருக்கு மேல் நீளும் எந்தத் துண்டையும் தனியே எடுத்துக் காட்டும் ஒரு சோதனையையும் வைத்திருக்கிறோம்.

கோப்பை ஏற்றுமுன் ஆள்கூறுகளைப் பார்க்க வேண்டும். இலங்கையின் புதிய தேசிய ஆள்கூற்று முறையான எஸ்எல்டி 99இல் திருகோணமலை நகரத்தின் கிழக்கு எண் ஏறத்தாழ 550,000, வடக்கு எண் ஏறத்தாழ 673,000. பழைய கண்டவளை முறையில் அவை ஏறத்தாழ 250,000, 373,000 என வரும். ஆகவே முதல் இலக்கமே கோப்பு எந்த முறையில் உள்ளதென்று சொல்லிவிடும். பழைய வரைபடத்தின் எண்களோடு 300,000 கூட்டிச் சரிப்படுத்துவது போதாது. அது கண்டவளை என்பதை மென்பொருளுக்கு அறிவித்து (ஆள்கூற்று முறைகளுக்கான ஈபிஎஸ்ஜி குறியெண் 5234), எஸ்எல்டி 99இன் குறியெண்ணான 5235க்கு உருமாற்றி, இரண்டிலும் ஆள்கூறு தெரிந்த புள்ளிகளில் ஒப்பிட வேண்டும். வடக்கும் கிழக்கும் இடம்மாறினாலும் கண்டுபிடிப்பது எளிது: நகரத்துப் புள்ளிகள் கல்முனைக்குக் கிழக்கே கடலுக்குள் போய் விழுந்திருக்கும்.

புள்ளிகளைக் கோடாக்கக் கியூஜிஐஎஸ்ஸில் 'பொயின்ட்ஸ் டு பாத்' என்னும் கருவி உள்ளது. வரிசைக்குப் புள்ளி எண்ணையும் தொகுப்புக்குக் குறியீட்டையும் கொடுக்க வேண்டும். புள்ளி எண் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் 1, 10, 11, 2 என்ற ஒழுங்கில் வரிசைப்பட்டுக் கோடு முன்னும் பின்னுமாக ஓடும். அதனால் அதை முதலில் முழு எண்ணாக மாற்றுங்கள். கருவி வெளியிடும் கோட்டில் தொகுப்புப் பெயரையும் தொடக்க, முடிவுப் புள்ளி எண்களையும் தவிர மற்றைய விபரங்கள் நிற்பதில்லை என்பதால், விட்டமும் தரமும் குறியீட்டுக்குள்ளேயே இருப்பது இங்கேதான் உதவுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலையுண்டு: குழியில் கண்ட குழாய் அடுத்த இடத்தில் கருவியால் மட்டும் உணரப்படும்போது தர எண் மாறி, கோடு அங்கே அறுந்து இடைவெளி விழும். தரம் மாறும் புள்ளியை இரண்டு குறியீடுகளிலும் இருமுறை பதிந்தால் இடைவெளி மறையும். இந்தப் படிகளை 'மொடல் டிசைனர்' பகுதியில் ஒரு சங்கிலியாகச் சேமித்துவிட்டால், அடுத்த நாளின் கோப்பைக் கொடுத்ததும் வரைபடம் தானாக உருவாகும்.

நம்பகத் தரத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், கணினி வரையும் கோடுகள் எல்லாம் ஒரே உறுதியோடு தோன்றுவதுதான். அமெரிக்கக் கட்டுமானப் பொறியியலாளர் சங்கத்தின் 38ஆம் இலக்க நியமம் நான்கு தரங்களை வகுக்கிறது: திறந்து பார்த்தது, கருவியால் உணர்ந்தது, மேலே தெரியும் மூடிகளையும் வால்வுகளையும் கொண்டு ஊகித்தது, பழைய பதிவுகளில் மட்டும் உள்ளது. எங்கள் கரையோரத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. மின்காந்த உணர்கருவி, உடன்செல்லும் உலோகக் கம்பி இல்லாத பிவிசி குழாயைக் காட்டாது; நில ஊடுருவு ராடாரின் அலையோ உப்பு ஊறிய ஈர மண்ணில் விரைவில் மங்கிவிடும். ஆகவே முதல் தரத்துக்கு முழுக்கோடு, மற்ற மூன்றுக்கும் வரவர இடைவெளி கூடும் துண்டுக்கோடுகள் (விட்டுவிட்டுச் செல்லும் கோடுகள்) என மென்பொருளில் விதி அமையுங்கள். நீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்குச் செம்மஞ்சள், கழிவுநீருக்குப் பச்சை என்பது பரவலான வழக்கம். ஆனாலும் வேலைத்தளத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் கைமாறும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

வீதிப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால் அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறிக்கு மாற்றாமல் ஏற்றினால் வரைபடம் முழுவதும் பொருளற்ற எழுத்துகள் தெரியும். எக்செல்லில் சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 (ஒருங்குறியைச் சேமிக்கும் முறை) வகைச் சிஎஸ்வியைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

வரைபடத்தை அச்சிடும் தாள்களாகப் பிரிக்கக் கியூஜிஐஎஸ்ஸின் 'அட்லஸ்' வசதி போதும். அச்சான தாளோடு மீண்டும் வீதிக்குச் சென்று, தாளுக்கு இரண்டு வால்வுப் பெட்டிகளையாவது நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இயக்குபவரும் வாசிக்கும் அளவில், அளந்த திகதிக்குக் கீழே இந்த வரி ஒவ்வொரு தாளிலும் அச்சாக வேண்டும்: 'துண்டுக்கோடு உள்ள இடத்தில் கையால் தோண்டிக் குழாயைக் கண்ட பின்னரே இயந்திரத்தை இறக்கவும்.'