காற்றாலைக்கு எந்த இடம்? மாணவர்களே தேடட்டும்

காற்றாற்றல் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எந்த ஊரில் எவ்வளவு காற்று வீசுகிறது என்று வரைபடத்தில் நிறங்களால் காட்டும் ‘குளோபல் விண்ட் அட்லஸ்’ இணையதளத்தைத் திறங்கள்; இலவசம்தான். முதலில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து வேகமெடுக்கும் இடம் நிறத்திலேயே தெரியும். பக்கத்திலிருக்கும் முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலைகள் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

தளத்தில், தரையிலிருந்து எந்த உயரத்துக் காற்று என்பதை 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு மாற்றி, வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகம் இரட்டித்தால் காற்றிலுள்ள ஆற்றல் 8 மடங்கு ஆகும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

அப்புறம் அதே இடத்தைக் கூகுள் எர்த்தில் திறந்து, வீடு, சாலை, குளம் எல்லாம் எவ்வளவு தூரம் என்று அளவுகோல் கருவியால் அளக்கட்டும். நல்ல காற்று இருந்தும் கைவிட வேண்டிய இடங்கள் அப்போதுதான் அகப்படும். வகுப்பில் சண்டையே வரும், வரட்டும்!

பள்ளியில் இணையம் மக்கர் செய்யுமா? முந்தின நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.