ஒப்பிடும் முன் அடிக்கோடு

இரண்டு வரலாற்று ஆவணங்களை மாணவர்களிடம் கொடுத்ததும் "ஒற்றுமை வேற்றுமை எழுது" என்று சொல்லாதீர்கள். ஒன்றில் இருக்கிற, ஆனால் மற்றதில் இல்லாத விஷயங்களை மட்டும் முதலில் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

அமெரிக்க இனப் பிரிவினைப் பாடத்துக்கு நல்ல ஜோடி: மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான போலீஸ் அறிக்கையும், அதைக் கண்டித்து பஸ் புறக்கணிப்புக்கு அழைத்த துண்டறிக்கையும். இரண்டுமே சிறியவை, ஒரே வகுப்பில் முடிந்துவிடும். போலீஸ் அறிக்கையில் அவர் பெயர், முகவரி, சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும். துண்டறிக்கையிலோ அவர் பெயரே இல்லை, "இன்னொரு கறுப்பினப் பெண்" என்றுதான் இருக்கும். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் இதே காரணத்துக்காகக் கைதான கிளாடெட் கோல்வினின் வழக்கு பற்றிய குறிப்பு இருக்கும், பஸ் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்ற கணக்கும் இருக்கும். அடிக்கோடு அங்கே விழுந்ததும், எழுதியவர் யாருக்காக, எதற்காக எழுதினார் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும். நாம் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை, எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இரண்டும் ஒரே நிகழ்வைப் பற்றியதாக இருந்தால்தான் இது சரிவரும். இனப் பிரிவினை செல்லும் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1896 தீர்ப்பையும், பள்ளிகளில் அது செல்லாது என்ற 1954 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய எல்லா வரிக்கும் கோடு விழும். அப்புறம் பார்வை மாறியதா, காலம் மாறியதா என்று பிரிக்க முடியாது.